அசல் படம் எங்கே?

முன்பு கல்யாண வீட்டில் எத்தனை படம் எடுப்பார்கள்?

ஒரு பிலிம் சுருளில் 36 படம். இரண்டு, மூன்று சுருள் தீர்ந்தால் போட்டோகிராபர் கேமராவைப் பெட்டியில் வைத்து மூடிவிடுவார். பந்திக்குப் போய்விடுவார்.

இப்போது நிச்சயதார்த்தம் முதல் மறுவீடு வரை 2,000 படம் எடுக்கிறார்கள். 3,000 எடுப்பவர்களும் உண்டு. பிலிம் செலவுதான் இல்லையே!

அவற்றில் ஓர் 200 படம் ஆல்பத்தில் ஏறும். ஆல்பம் கனமாக இருக்கும். பளபளப்பாக இருக்கும். பாக்கிப் பணத்தைக் கொடுத்து ஆல்பத்தை வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

அதோடு காரியம் முடிந்ததா?

முடியவில்லை. ஆல்பத்தில் இருப்பது திருத்திய படம். பருவை மறைத்து, முகத்தை வெளுத்து, ஓரத்தை வெட்டி, புடவையின் சிவப்பை ஏற்றி அச்சடித்த படம். திருத்துவதற்கு முன்னால் ஒரு படம் இருந்ததே, அது எங்கே?

இதை யாரும் கேட்பதில்லை. கேட்கவேண்டும்.

சோறும் அரிசியும்

இந்தக் காலத்துக் கேமரா இரண்டு விதமாகப் படத்தைக் கொடுக்கும்.

ஒன்றுக்கு "ஜேபெக்" என்று பெயர். வெளிச்சம் எவ்வளவு, நிறம் எப்படி என்று கேமராவே முடிவு செய்து, படத்தைச் சுருக்கிக் கொடுத்துவிடும். உடனே பார்க்கலாம். உடனே அனுப்பலாம்.

இன்னொன்றுக்கு "ரா" என்று பெயர். ஆங்கிலத்தில் "ரா" என்றால் பச்சை, சமைக்காதது. கேமராவுக்குள் இருக்கும் சில்லின் மேல் எங்கெங்கே எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்ற கணக்கு அதில் இருக்கும்.

ஜேபெக் சோறு. ரா அரிசி.

அரிசி கையில் இருந்தால் சோறு வடிக்கலாம். பொங்கல் வைக்கலாம். ஊறவைத்து அரைத்து இட்லி சுடலாம். வடித்த சோற்றைத் திரும்ப அரிசி ஆக்க முடியுமா?

ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு, இருட்டு முதல் வெளிச்சம் வரை 256 படிகள்தான். ரா படத்தில் 4,096 படிகள். பல கேமராக்களில் 16,384 படிகள்! பந்தலின் நிழலில் நின்றவர் முகம் ஜேபெக்கில் கரியாகத் தெரியும். ரா படத்தில் அந்தக் கரிக்குள்ளேயும் படிகள் இருக்கும். வெளிச்சத்தை ஏற்றிப் பார்த்தால் கண், மூக்கு, மீசை எல்லாம் மெல்ல வெளியே வரும். மண்டபத்து விளக்கில் மஞ்சளாக விழுந்த வேட்டியை வெள்ளை வேட்டி ஆக்குவது ஒரு நிமிஷ வேலை.

ஜேபெக்கைத் திருத்தவே முடியாது என்பதல்ல. திருத்தலாம். ஆனால் திருத்தி அதே பெயரில் மூடிவிட்டால் பழைய படம் போயிற்று. திறந்து திருத்தி மூடும் ஒவ்வொரு தடவையும் படம் கொஞ்சம் தேயவும் செய்யும்.

படத்தைத் தொடாத திருத்தம்

ரா படத்தை எப்படித் திருத்துகிறார்கள் தெரியுமா? படத்தைத் தொடுவதே இல்லை!

"வெளிச்சத்தை ஒரு படி கூட்டு. மஞ்சளைக் குறை. இடது ஓரத்தில் இவ்வளவு வெட்டு." கம்ப்யூட்டர் இப்படி ஒரு குறிப்பு எழுதிக்கொள்கிறது. திரையில் காட்டும்போது அசலை எடுத்து, குறிப்பில் உள்ளபடி சமைத்துக் காட்டுகிறது. அச்சடிக்கக் கொடுக்கும்போதும் அப்படியே. வெட்டிய ஓரம் அசலில் வெட்டுப்படாமல் இருக்கிறது.

குறிப்பை அழித்தால் பழைய படம் வந்துவிடும். ஒரே அசலுக்கு 4 குறிப்பு எழுதலாம். ஆல்பத்துக்கு ஒன்று. கறுப்பு வெள்ளையில் ஒன்று.

ஒரு ரா படம் 30 எம்.பி. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் குறிப்பு பெரும்பாலும் சில கே.பி.தான். ஒரு குறிப்புக்கு 10 கே.பி. என்று கணக்கிட்டால், 1,500 படங்களின் குறிப்புகளைச் சேர்த்தாலும் ஒரே ஒரு படத்தின் இடத்தை அடைக்காது.

இத்தனை சிறிய குறிப்பில்தான் போட்டோகிராபரின் 20 நாள் உழைப்பு இருக்கிறது. அது தொலைந்தால் அசல் இருந்தும், வேலையை முதலிலிருந்து செய்யவேண்டும்.

பென்சிலும் கத்தியும்

பிலிம் காலத்தில் இந்தச் சௌகரியம் கிடையாது.

ஸ்டூடியோவில் நெகட்டிவைத் திருத்துவதற்கென்றே ஒருவர் இருப்பார். பின்னாலிருந்து வெளிச்சம் வரும் சாய்வு மேஜையில் நெகட்டிவை வைப்பார். ஊசி போலச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொடுவார். அம்மைத் தழும்பு மறைந்துவிடும்! வேண்டாத வெளுப்பு இருந்தால் சிறிய கத்தியால் சுரண்டுவார். பென்சில் கோட்டையாவது துடைக்கலாம். சுரண்டியது சுரண்டியதுதான்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கு வேறு வழி இல்லை.

அமெரிக்காவில் ஆன்சல் ஆடம்ஸ் என்று ஒரு போட்டோகிராபர் இருந்தார். உலகப் புகழ் பெற்றவர். அவருக்கே இந்தச் சங்கடம் வந்தது.

1941-ல் ஒரு மாலை நேரம். நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹெர்னாண்டஸ் என்ற சின்ன ஊர் வழியாகக் காரில் வந்துகொண்டிருந்தார். கிழக்கே நிலா எழுந்திருந்தது. கீழே ஒரு கல்லறைத் தோட்டம். அங்கிருந்த வெள்ளைச் சிலுவைகள் மேல் கடைசி வெயில் பட்டு மின்னியது. காரை நிறுத்திக் கேமராவை மாட்டினார். வெளிச்சம் அளக்கும் கருவியைத் தேடினார். அகப்படவில்லை! நிலாவின் வெளிச்சம் எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்துக்குத் தயாராவதற்குள் வெயில் போய்விட்டது.

ஒரே ஒரு நெகட்டிவ். அதிலும் கீழ்ப்பாதி மங்கலாக விழுந்திருந்தது.

ஒவ்வொரு தடவை அச்சுப் போடும்போதும் இருட்டறையில் அவர் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. கடைசியில் 1948-ல் துணிந்துவிட்டார். நெகட்டிவின் கீழ்ப்பாதியை ரசாயனத்தில் நனைத்து, அதை அழுத்தமாக்கினார். தவறியிருந்தால்? படம் போயிருக்கும். நல்ல வேளை, தவறவில்லை.

ஆனால் 1948-க்கு முந்தைய நெகட்டிவ் இன்று உலகத்தில் இல்லை. ஆடம்ஸே நினைத்தாலும் அதற்குத் திரும்பியிருக்க முடியாது.

அந்த ஒரு நெகட்டிவிலிருந்து அவர் 1,000-க்கும் மேற்பட்ட அச்சுகள் போட்டார். ஆரம்ப காலத்து அச்சுகளில் வானம் சாம்பல் நிறம், மேகம் தெரியும். பிற்காலத்து அச்சுகளில் வானம் கன்னங்கரேல் என்று இருக்கும். நெகட்டிவ் ஒன்றுதான். அவர் மனம் மாறிக்கொண்டே வந்தது. 1984-ல் அவர் காலமானார். அவருடைய நெகட்டிவ்கள் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரத்தில், பல்கலைக்கழகத்துப் போட்டோக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

30 வருஷத்தில் அவ்வளவு பெரிய கலைஞருக்கே ரசனை மாறியது. கல்யாண ஆல்பத்தின் ரசனை 30 வருஷம் நிற்குமா?

"கொஞ்சம் கலராக்கிக் கொடுங்க!"

நிற்காது. அதற்குச் சாட்சி, மணப்பெண்ணின் முகம்.

ஆல்பத்துக்கு ஆர்டர் கொடுக்கும்போது சித்தியோ பெரியம்மாவோ போட்டோகிராபர் காதில் ஒரு வார்த்தை போடுவார்கள்.

"தம்பி, பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி. பார்த்துக் கலராக்கிக் கொடுங்க!"

அவர் என்ன செய்வார், பாவம்! ஆக்கிக் கொடுத்துவிடுவார். சொல்லாமலே ஆக்கிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பெண்ணின் முகம் மாவு பூசியதுபோல ஆகிவிடும். கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம். மாப்பிள்ளையும் தப்புவதில்லை.

இது நல்ல வழக்கம் அல்ல. கறுப்பாகப் பிறந்த பெண், கறுப்பாகத்தான் மணையில் உட்கார்ந்தாள். லட்சணமாகத்தான் இருந்தாள். மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொண்ட முகம் அதுதான்.

20 வருஷம் கழித்து அவளுடைய மகள் ஆல்பத்தைப் புரட்டுவாள். "அம்மா, இது நீயா?" என்று கேட்பாள். மகளுக்கும் அம்மாவின் நிறமே வாய்த்திருக்கும். அவள் பார்க்கவேண்டிய முகம் ஆல்பத்தில் இல்லை.

அசல் இருந்தால் பிரச்சினை இல்லை. குறிப்பில் வெளுப்புக்கென்று எழுதிய ஒரு வரியை எடுத்துவிட்டால், அம்மா வந்துவிடுவாள். புடவையின் சிவப்பு, மாலையின் வாசனை தவிர மற்றதெல்லாம் அப்படியே இருக்கும்! அசலை அழித்துவிட்டு ஜேபெக்கை மட்டும் வைத்திருந்தால், அந்த நிறத்தை எங்கே போய்த் தேடுவது?

சில செல்போன்களில் இன்னும் மோசம். முகத்தை வெளுக்கும் வேலையைப் படம் எடுக்கும்போதே செய்துவிடுகின்றன. அங்கே அசல் பிறப்பதே இல்லை. அந்தப் பொத்தானை அணைத்துவிட்டுப் படம் எடுப்பது நல்லது.

ஓரத்தில் நின்ற அப்பா

நிறத்தைப் பற்றிக் கவலைப்படாத குடும்பங்களுக்கும் ஒரு நாள் அசல் தேவைப்படும். அந்த நாள் சொல்லிக்கொண்டு வராது.

வீட்டில் பெரியவர் ஒருவர் காலமாகிவிடுகிறார். படம் மாட்டவேண்டும். நல்ல படமாக ஒன்று தேடுகிறார்கள். தனியாக எடுத்த படம் இல்லை. ஆதார் அட்டையில் இருப்பதை வைக்க மனம் வரவில்லை. கடைசியில் மகள் கல்யாண ஆல்பத்தில் அகப்படுகிறார். மணமக்களுக்குப் பின்னால், ஓரத்தில், பட்டு அங்கவஸ்திரத்தோடு நிற்கிறார். சிரிக்கிறார்!

ஆனால் அந்தப் படத்தில் என்ன நடந்திருக்கிறது? மணமக்கள் எடுப்பாகத் தெரியவேண்டும் என்று சுற்றுப்புறத்தை இருட்டாக்கியிருக்கிறார்கள். அப்பாவின் பாதி முகம் அந்த இருட்டில் இருக்கிறது. தோளும் காதும் வெட்டுப்பட்டிருக்கின்றன.

அந்த இருட்டு, அந்த வெட்டு இரண்டும் குறிப்பில் உள்ள இரண்டு வரிகள். ரா படம் இருந்தால், அப்பா முழுசாக இருக்கிறார்.

ஸ்டூடியோவுக்கு ஓடுகிறார்கள்.

"அண்ணே, 8 வருஷத்துக்கு முந்தைய கல்யாணம். அசல் இருக்கா?"

"அதெல்லாம் அப்பவே அழிச்சாச்சும்மா. டிஸ்க் பத்தலை."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு கல்யாணத்துக்கு 60, 70 ஜி.பி. ஆகிறது. வருஷத்துக்கு 50 கல்யாணம் எடுப்பவர் எத்தனை டிஸ்க் வாங்குவார்? அவர் வைத்திருக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதற்குப் பணமும் கொடுக்கவில்லை.

பேரேடும் மூட்டைச் சீட்டும்

அசல் பத்திரமாக இருந்தாலும் போதாது. குறிப்பு எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி.

மண்டியில் இரண்டு வழக்கம் உண்டு. எந்த மூட்டையில் என்ன சரக்கு என்பதைக் கணக்குப்பிள்ளை தன் பேரேட்டில் எழுதி வைப்பார். அல்லது மூட்டையிலேயே ஒரு சீட்டைக் கட்டிவிடுவார்கள். பேரேடு இருந்தால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஆனால் கணக்குப்பிள்ளை பேரேட்டோடு போய்விட்டால் மூட்டை ஊமை. சீட்டு அப்படி அல்ல. மூட்டை போகும் இடமெல்லாம் கூடவே போகும்.

போட்டோத் திருத்தும் சாதனங்களும் இப்படித்தான். அடோப் கம்பெனியின் லைட்ரூம் 2007-ல் வந்தது. கல்யாண போட்டோகிராபர்களில் மிகப் பலர் வைத்திருப்பது அதைத்தான். அதில் திருத்தக் குறிப்புகள் ஒரு பேரேட்டில் ஏறுகின்றன. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் தனிச் சீட்டும் எழுது என்று கட்டளை போட்டு வைக்கலாம். நாமாகப் போட்டால்தான் உண்டு. அந்தச் சீட்டுக்கு "எக்ஸ்.எம்.பி." என்று பெயர்.

டார்க்டேபிள் என்று இன்னொன்று இருக்கிறது. 2009-ல் வந்தது. காசு கொடுக்க வேண்டியதில்லை. அது பேரேட்டிலும் எழுதுகிறது. படத்துக்குப் பக்கத்திலும் தானாகவே சீட்டு வைத்துவிடுகிறது. இந்த வழக்கம்தான் சரி. பணம் வாங்குகிற சாதனம் இதைக் கேட்டால்தான் செய்கிறது என்பது வேடிக்கை!

கடை மூடினால்?

"பேரேடு எங்கே போய்விடும்?" என்று அலட்சியமாக இருக்க முடியாது. போயிருக்கிறது.

ஆப்பிள் கம்பெனி 2005-ல் அப்பெர்ச்சர் என்ற சாதனத்தை வெளியிட்டது. தொழில் செய்பவர்கள் நம்பி வாங்கினார்கள். லட்சக்கணக்கில் படங்களை ஏற்றியவர்கள் உண்டு. 2014-ல் ஆப்பிள், இனி அதை வளர்ப்பதில்லை என்று அறிவித்தது. 2015-ல் விற்பனையும் நின்றது. 2019-ல் வந்த ஆப்பிள் கம்ப்யூட்டர் சாதனத்தில் அது ஓடவே இல்லை.

ஆப்பிளின் வேறொரு சாதனத்துக்கு மாறியவர்கள் ஒருவாறு தப்பித்தார்கள். லைட்ரூமுக்கு மாறியவர்களுக்குப் படங்கள் வந்தன, பெயர்கள் வந்தன, திருத்தங்கள் வரவில்லை.

பிக்காசாவை மறந்திருக்க முடியாது. கூகிள் இனாமாகக் கொடுத்தது. வீட்டுக் கம்ப்யூட்டரிலெல்லாம் இருந்தது. 2016-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். பிக்காசா ஒரு நல்ல காரியம் செய்தது. திருத்தக் குறிப்பைப் படங்கள் இருக்கும் அதே போல்டரில் எழுதியது. ஆனால் அந்தக் குறிப்புப் பைல் கண்ணில் படாமல் மறைந்திருக்கும். படங்களை மட்டும் பொறுக்கி வேறு டிஸ்கில் போட்டவர்களுக்குக் குறிப்பு வரவில்லை.

குறிப்பு கூடவே வந்தாலும் அதைப் படிக்க ஆள் வேண்டும். எக்ஸ்.எம்.பி. முறை 2001-ல் அடோப் ஏற்படுத்தியது. 2012-ல் சர்வதேசத் தர முறையாகவும் ஆனது. ஆனால் தர முறை என்பது கவருக்குத்தான். உள்ளே இருக்கும் கடிதத்தை ஒவ்வொரு சாதனமும் தன் பாஷையில் எழுதுகிறது. லைட்ரூம் எழுதியதில் டார்க்டேபிளுக்குக் கொஞ்சம்தான் புரியும்.

ஆகவே அசலும் குறிப்பும் இருந்தாலும், திருத்தி முடித்த படத்தையும் முழு அளவில் ஒரு பிரதி எடுத்து வைக்கவேண்டும். அரிசியும் வேண்டும்; சமையல் குறிப்பும் வேண்டும்; ஒரு தட்டுச் சோறும் வேண்டும்!

சட்டம் என்ன சொல்கிறது?

"ரா படத்தைக் கொடுப்பதில்லை" என்று பல போட்டோகிராபர்கள் கண்டிப்பாகச் சொல்கிறார்கள்.

அவர்கள் சொல்லும் காரணம் அற்பமானது அல்ல. பச்சைப் படம் மங்கலாக, உப்புச் சப்பு இல்லாமல் இருக்கும். அதை யாராவது கன்னாபின்னா என்று திருத்தி ஊரெல்லாம் அனுப்பினால், எடுத்தவர் பெயர்தான் கெடும். வேக்காடு பத்தாத பதார்த்தத்தை எந்தச் சமையற்காரர் பந்திக்கு அனுப்புவார்?

ஆனால் சட்டத்தையும் பார்க்கவேண்டும். 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. ஒருவர் கேட்டுக்கொண்டபடி, பணம் வாங்கிக்கொண்டு எடுத்த படத்தின் முதல் காப்புரிமை, படம் எடுக்கச் சொன்னவருக்கே! வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் தவிர. இது பலருக்குத் தெரியாது. போட்டோகிராபர்களிலேயே பலருக்குத் தெரியாது.

அதற்காகச் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போய்ச் சண்டை போட வேண்டாம். உரிமை வேறு. பைல் கையில் இருப்பது வேறு. பைலை இத்தனை வருஷம் காப்பாற்று என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. சண்டை போட்டு ஜெயித்தாலும், அழித்த படம் திரும்பி வருமா?

பேசவேண்டிய இடம் அட்வான்ஸ் கொடுக்கும் இடம். மேளக்காரரிடம் எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்கிறார்கள். சமையற்காரரிடம் பாயசம் எத்தனை என்று கேட்கிறார்கள். போட்டோகிராபரிடம் ஆல்பம் எத்தனை பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். "ராவில் எடுப்பீர்களா? எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள்? ஆல்பத்தில் ஏறும் படங்களின் அசலும் குறிப்பும் வேண்டுமானால் என்ன விலை?" என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டால் போதும். 2,000 படத்தையும் கேட்கவேண்டாம். ஆல்பத்தில் ஏறிய 200, பெரியவர்கள் நிற்கும் படங்களில் ஒரு 50. எல்லாம் சேர்ந்து 8 ஜி.பி. கூட ஆகாது. நியாயமான விலை கேட்டால் கொடுக்கவேண்டும். அவரும் டிஸ்க் வாங்கவேண்டும் அல்லவா?

வாங்கியதை இரண்டு டிஸ்கில் போட்டு, ஒன்றைப் பெண் வீட்டிலும் ஒன்றைப் பிள்ளை வீட்டிலும் வைக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை, கல்யாண நாளில், இரண்டையும் சொருகித் திறந்து பார்க்கலாம். எந்த டிஸ்கில் இருக்கிறது என்பதை ஆல்பத்தின் கடைசிப் பக்கத்திலேயே பேனாவால் எழுதி வைத்துவிட்டால், தேடுகிறவர்களுக்குச் சிரமம் இருக்காது.